நகத்தளவுப் படம்

"டீச்சர், எங்க கேமை ஏன் ஒருத்தருமே தொட மாட்டேங்காங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாள் பெனிட்டா.

ஜமீலா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல உள்ள வாங்கக்கா."

பெனிட்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஜமீலாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் டீச்சர்தான்.

இணையத்தில் வீடியோ கேம் விற்கும் கடைகளில் ஒவ்வொரு கேமுக்கும் நகத்தளவில் ஒரு படம் இருக்கும். தம்ப்நெயில் என்பார்கள். அது கண்ணில் பட்டால்தான் தொடுவார்கள். தொட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியும். அந்தப் படம் போடுவதில் ஜமீலாவுக்குப் பெரிய பெயர். கேம் செய்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ மேலப்பாளையத்து மாடி அறையைத் தேடி வருவார்கள்.

ஜமீலா அதிகம் பேசமாட்டாள் என்று சொல்லித்தான் தெரிந்தவர்கள் பெனிட்டாவை அனுப்பியிருந்தார்கள்.

பெனிட்டாவும் அவள் தம்பி இன்னாசியும் சேர்ந்து செய்த கேம் அது. பெயர் 'இடுப்பளவுத் தண்ணி'. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவளுடையது. படமெல்லாம் அவனுடையது. இரண்டு பேரும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடி வீட்டின் முன்னறையிலேயே கிடந்து செய்தார்கள்.

அடுத்த மாதம் அந்தக் கடையில் புதுக் கேம்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். அந்த வாரத்திலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் இன்னாசி மஸ்கட்டுக்குக் கிளம்பிவிடுவான். பழைய கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெனிட்டா இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

ஜமீலா பட்டாணிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தாள்.

"படத்தைக் காட்டுங்க."

பெனிட்டா மடிக்கணினியைத் திறந்தாள். இன்னாசி வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படம். ஊரையே மூழ்கடித்த வெள்ளம். கோயில் கோபுரமும் மாதா கோயில் மணிக்கூண்டும் தண்ணீருக்கு மேலே. சாய்ந்த பனைமரங்கள், கவிழ்ந்த படகு, மிதக்கும் மாடு, நீந்திப் போகும் பாம்பு, கூரைமேல் ஏறி நிற்கும் ஜனங்கள். ஓர் ஓரத்தில், தண்ணீரில் நடந்துபோகும் அக்காவும் தம்பியும்.

ஜமீலா வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு."

பெனிட்டாவுக்கு முகம் மலர்ந்தது.

ஜமீலா தன் கைப்பேசியை எடுத்தாள். அந்தக் கடையைத் திறந்து பெனிட்டாவிடம் நீட்டினாள். வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள்.

"இதுல உங்க கேம் இருக்கு. எடுங்க. நான் டீ போட்டுட்டு வர்றேன்."

பெனிட்டா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கீழே போனாள். மறுபடி மேலே வந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

டீ வந்தது.

"காணோமே டீச்சர். எடுத்துட்டாங்களா?"

ஜமீலா ஒரு சாம்பல் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். சேறு அப்பியதுபோல இருந்தது.

பெனிட்டா அதை மூன்று தடவையாவது தாண்டிப் போயிருப்பாள்.

"பெத்தவ கண்ணுக்கே தெரியலையே," என்றாள்.

ஜமீலா டீயைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"அப்ப அந்தப் படத்தை என்ன செய்யட்டும்?"

"பெருசா பிரிண்ட் போட்டு உங்க வீட்டுச் சுவத்துல மாட்டுங்க. நெசமாவே சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் இன்னாசிக்குச் சுருக்கென்றது.

"மாட்டவா? எங்க மாட்ட? கக்கூஸ்லயா?"

"ஏலே, அவங்க நல்லாத்தான்டா சொன்னாங்க. சின்னதாக்கினா ஒண்ணும் தெரியல. நானே தேடிப் பாத்தேன்."

"தெரியணும். அவ்வளவுதான? தெரியுற மாதிரி போட்டுட்டாப் போச்சு."

அன்றைக்கே உட்கார்ந்து வரைந்தான். கட்டம் முழுக்க ஒரே ஒரு பாம்புத் தலை. வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, பச்சைக் கண்ணோடு. பின்னால் ரத்தச் சிவப்பில் வானம். கோபத்தில் வரைந்ததால் கோடுகளுக்கு ஒரு வேகம் இருந்தது.

பெனிட்டா கைப்பேசியைத் தூரத்தில் வைத்துவிட்டுப் பார்த்தாள். பளிச்சென்று தெரிந்தது.

"போட்ருவோம்," என்றாள்.

போட்டார்கள்.

ஜனம் வந்தது. மளமளவென்று வந்தது. இன்னாசி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மத்தியானம் பிரியாணி வாங்கி வந்தான்.

சாயங்காலம் முதல் கருத்து விழுந்தது. 'பாம்பு எங்கே?'

அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

கேமில் பாம்பு ஒரே இடத்தில்தான் வரும். குறுக்கே நீந்திப் போய்விடும். யாரையும் கடிக்காது.

ஒருவர் எழுதியிருந்தார்: 'பாம்போட சண்டை போடலாம்னு என் மகன் ஆசையா உக்காந்தான். தண்ணிக்குள்ள ஒரு பொண்ணு நடந்துட்டே இருந்துச்சு. எந்திரிச்சுப் போயிட்டான். எதுக்கு இப்படி ஏமாத்துறீங்க?'

இன்னாசி அதை இரண்டு தடவை வாசித்தான். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

பெனிட்டா மறுபடியும் பஸ் ஏறினாள்.

"வந்தாங்க டீச்சர். வந்து, திட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதைத் திட்டினாங்க?"

"எங்க கேமைத்தான்."

"நடக்குறது கஷ்டமா இருக்கு, கதை நல்லால்ல, அப்படியா?"

பெனிட்டா யோசித்தாள். "இல்ல. பாம்பு இல்லைன்னு."

"அப்ப அவங்க உங்க கேமுக்கு வரல."

"பின்ன எதுக்கு வந்தாங்க?"

ஜமீலா தோளைக் குலுக்கினாள். "பாம்பைத் தேடி வந்தாங்க. அது வேற எங்கயாவது இருக்கும். பாவம், இங்க வந்துட்டாங்க."

பெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. "முதல்ல கண்ணுக்கே தெரியலன்னீங்க. இப்ப தெரியுது, அதுவும் தப்புங்கீங்க. நான் என்னதான் செய்ய?"

"பாம்பு படம் யாரு போட்டது?"

"தம்பிதான்."

"கோவமா இருந்தாரா?"

பெனிட்டா திடுக்கிட்டாள். "எப்படித் தெரியும்?"

"பாம்பைப் பாத்தாலே தெரியுது."

ஜமீலா வேறு யாருக்கோ முடித்துக் கொடுக்க வேண்டிய படத்துக்குத் திரும்பிவிட்டாள். பெனிட்டா எழுந்து போனாள்.

பாம்பை எடுத்துவிட்டார்கள். இன்னாசி புதிதாக எதுவும் வரைய மாட்டேன் என்றுவிட்டான்.

பெனிட்டாவே முயன்று பார்த்தாள். அவளுக்கு வரைய வராது. கேமிலிருந்தே ஒரு காட்சியை வெட்டி எடுத்தாள். தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள். அக்காவின் கை தம்பியின் கையை இறுகப் பிடித்திருக்கிறது. சுற்றிலும் இருட்டு நீலம். கேமே இதுதானே என்று அவளுக்குத் தோன்றியது. எளிமை. தெளிவு. ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

இந்தத் தடவை படியேறும்போது அவளுக்கு நம்பிக்கையாகவே இருந்தது.

ஜமீலா படத்தைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கினாள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எந்த இன்சூரன்ஸ் கம்பெனி விளம்பரம்க்கா?"

பெனிட்டா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாலிசி எடுக்கச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருப்பார்களே, அப்படியே இருந்தது.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்பது ஜமீலாவுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அவன் போயிடுவான் டீச்சர்."

ஜமீலா பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மஸ்கட்டுக்குப் போறது தப்பில்ல டீச்சர். நாலு பேரு போறதுதான். ஆனா, வரைஞ்சதை யாரும் பாக்கலைங்கிற நெனப்போட போகக் கூடாது. இனிமே பென்சிலையே தொட மாட்டான் அவன். எனக்குத் தெரியும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பெனிட்டா மூக்கைத் துடைத்தாள். "நானும் இத்தனை தடவை வந்துட்டேன். நீங்க ஒரு தடவைகூட எங்க கேமை விளையாடிப் பாக்கலையே."

"கடைக்கு வர்றவங்க விளையாடிட்டுத்தான் படத்தைப் பாக்குறாங்களா? அவங்க கண்ணு எனக்கு வேணும்னுதான் தொடாம இருந்தேன்." ஜமீலா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்ப எனக்கே பாக்கணும்போல இருக்கு. போடுங்க."

பெனிட்டா கேமைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மழைச் சத்தம் கேட்டது. அந்திநேரம். இடுப்பளவுத் தண்ணீர். இரட்டைச் சடை போட்ட பன்னிரண்டு வயதுப் பெண் முன்னால் போகிறாள். ஒரு கை பின்னால் நீண்டு தம்பியின் கையைப் பிடித்திருக்கிறது. விளையாடுகிறவர்களுக்குத் தெரிவது அவள் முதுகுதான். மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும்.

பெனிட்டா எப்போதும் திரையைத்தான் பார்ப்பாள். கேம் எங்கே தட்டும், எங்கே நிற்கும் என்று. இன்று திரை அவளுக்குத் தெரியவில்லை. ஜமீலாவின் முகம்தான் தெரிந்தது.

ஜமீலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு விரல் நடப்பதற்கான விசையில். இன்னொரு விரல் கையை இறுகப் பிடிக்கும் விசையில்.

மூன்றாவதாக ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். நாமும் அவள் கண்ணால் பார்ப்போம். பின்னால் வருகிற தம்பி தெரிவான்.

அந்த விசையை ஜமீலா அழுத்தினாள். தம்பி வந்துகொண்டிருந்தான். பத்தடி நடந்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி நடந்தாள். மறுபடி அழுத்தினாள்.

பெனிட்டாவால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், அதை அழுத்தாதீங்க. அதுனால ஒரு பிரயோஜனமும் இல்ல. கையப் பிடிச்சிருந்தா அவன் வந்துருவான். நீங்க திரும்பத் திரும்ப நேரம் போகும், தண்ணி ஏறும். அந்த விசையே வேண்டாம், எடுத்துருவோம்னுதான் நான் சொன்னேன். தம்பிதான் இருக்கட்டும்னு பிடிவாதமா நின்னான்."

ஜமீலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வர்றானான்னு பாக்கணும்லக்கா," என்றாள்.

அழுத்தினாள்.

தண்ணீர் மார்புக்கு ஏறியது. பாம்பு வந்தது, குறுக்கே நீந்திப் போனது. ஜமீலா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் திரும்பித் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துப் படி வந்தது. முதல் படியில் கால் வைத்ததும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு முகமே எங்கயும் வரலையே."

"ஆமா. நடந்தா முதுகுதான் தெரியும். திரும்பினா தம்பிதான் தெரிவான்."

"திரும்புறப்ப அவ முகம் எப்படி இருக்கும்?"

பெனிட்டா திரையில் நின்ற முதுகைப் பார்த்தாள்.

"நீங்கதான கேம் செஞ்சீங்க. எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியாது டீச்சர்." பெனிட்டாவின் குரல் இறங்கிப்போனது. "அது நான்தான். எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஏழு. அம்மாவும் அப்பாவும் டவுன்ல மாட்டிக்கிட்டாங்க. திடீர்னு ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துருச்சு. நான்தான் அவனைக் கூட்டிட்டுப் போனேன்."

ஜமீலா மெல்லத் தலையை ஆட்டினாள்.

பெனிட்டாவுக்குள் ஏதோ எழும்பியது. சட்டென்று ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதையே போடுவோம் டீச்சர். அந்த முகம். கட்டம் முழுக்க அது ஒண்ணுதான். எதைத் திரும்பிப் பாக்கான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்களே வரைஞ்சு குடுங்க. அவன் வரையமாட்டான். நீங்க போட்டா எடுபடும்."

ஜமீலா வரைகிற பேனாவைக் கையில் எடுத்தாள். கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு மேஜையில் வைத்துவிட்டாள்.

"நான் பாத்ததில்லையேக்கா," என்றாள்.

தூத்துக்குடி திரும்பும் பஸ் வல்லநாட்டைத் தாண்டும்போதுதான் பெனிட்டாவுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை.

"ஏலே இன்னாசி."

அவன் கட்டிலில் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன சொன்னா உன் டீச்சர்? கையும் வேண்டாம், காலும் வேண்டாம்னாளா?"

"அன்னைக்குத் தண்ணியில போகும்போது நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்லா?"

"ஆமா."

"அப்ப என் மூஞ்சி எப்படிடா இருந்துச்சு?"

இன்னாசி அவளைப் பார்த்தான்.

பிறகு எழுந்தான். மேஜைக்குப் போய் விளக்கைப் போட்டான்.

பெனிட்டா நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். சடையை முன்னால் எடுத்துப் போட்டு, தலையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"இப்படி இருக்கவா?"

"நீ போக்கா. உன்னைப் பாத்து வரைய வேண்டாம்."

அவள் அடுக்களைக்குப் போய் மீனை அலசினாள். ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அழிப்பதாகவும் தெரியவில்லை.

குழம்பு கொதித்து இறக்கியபோது படம் முடிந்திருந்தது.

தோளுக்கு மேலாகத் திரும்பிய ஒரு முகம். கன்னத்தில் ஒட்டிய ஈரமுடி. ஒரு பக்கம் அந்தியின் கடைசி மஞ்சள், மறுபக்கம் தண்ணீரின் கறுப்பு. பெரிய கண்கள், கட்டத்துக்கு வெளியே யாரையோ தேடின.

பெனிட்டா படத்தைச் சுருக்கினாள். இன்னும் சுருக்கினாள். நகத்தளவு ஆனபோதும் அந்தக் கண்கள் தேடிக்கொண்டுதான் இருந்தன.

அவள் படத்தை ஜமீலாவுக்கு அனுப்பினாள்.

பதில் வரத் தாமதமானது. வந்தது ஒரே வரி.

'அந்தப் பையன் வர்றான்லக்கா?'

இன்னாசியிடம் காட்டினாள். அவன் வாசித்தான். பாம்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

"விளையாடிப் பாத்துட்டாளே. வர்றேன்னு தெரியாதாமா அவளுக்கு?"

அந்தப் படத்தைக் கடையில் போட்டார்கள். புதுக் கேம்களின் வாரம் தொடங்கியது.

பாம்புக்கு வந்த கூட்டம் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் இருந்தார்கள். படி ஏறும்வரை இருந்தார்கள். எங்கோ ஒரு பெண், 'நானும் ஓர் அக்காதான்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தாள். இன்னொருவர், வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தார். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள்.

இன்னாசி மஸ்கட்டுக்குப் பதில் எழுதினான். இப்போதைக்கு வரமுடியாது என்று. இப்போதைக்கு என்பதை அழிக்கவும் இல்லை, அக்காளிடம் மறைக்கவும் இல்லை.

வாரக் கடைசியில் ஒரு கேள்வி வந்தது. யாரோ ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

'அந்தப் பொண்ணு ஏன் சிரிக்கிறா?'

பெனிட்டாவுக்கு விளங்கவில்லை. பயந்துபோய்த் திரும்புகிற முகம் அது. சிரிப்பு எங்கிருந்து வந்தது?

படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம்தான் இருந்தது. கீழே வந்தாள். உதட்டோரம் இலேசாக மேலே ஏறியிருந்தது.

"ஏலே, இங்க வா. இதென்ன, சிரிக்கிற மாதிரில்லா போட்டிருக்க?"

இன்னாசி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"ஆமா."

"தண்ணி உன் கழுத்துக்கு வந்துருச்சுடா. செத்தோம்னே நெனச்சேன். உள்ளுக்குள்ள மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டே போறேன். நான் எங்க சிரிச்சேன்?"

"சிரிச்சக்கா," என்றான் இன்னாசி. "ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சிரிச்ச. அதைப் பாத்துட்டுத்தான நான் அடுத்த அடி எடுத்து வச்சேன்."